நடுவர் தேர்வும் த்ரோ-இன் விதியும்

தருமபுரியில் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டே கூடைப்பந்து நடுவர் தேர்வுக்குப் படித்தபோது, என்னை அதிகம் யோசிக்க வைத்தது, சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிநூலில் 17-ஆம் விதியான த்ரோ-இன், அதாவது எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று பந்தைக் களத்துக்குள் எறிவதுதான். பந்து கைக்கு வந்த 5 விநாடிகளுக்குள் எறிய வேண்டும், குறித்த இடத்திலிருந்து பக்கவாட்டில் மொத்தம் 1 மீட்டருக்கு மேல் நகரக் கூடாது, பின்னோக்கி மட்டும் தாராளமாகப் போகலாம் என்பதெல்லாம் ஒருமுறை படித்தாலே மனத்தில் நின்றுவிடும். வழக்கத்துக்கு மாறாக ஏதேனும் நடக்கும்போதுதான் தீர்ப்புச் சொல்வது கடினமாகிறது.

அத்தகைய தருணங்களை மாலை வேளைகளில் மாணவர்களை நிறுத்தி நடத்திப் பார்த்தேன். எறிபவர் கையை நீட்டுகிறார். பந்து இன்னும் அவர் விரல்களுக்குள் இருக்கிறது, ஆனால் எல்லைக்கோட்டைத் தாண்டி ஆடுகளத்துக்கு மேலே வந்துவிட்டது. உள்ளே நிற்கும் தடுப்பாட்டக்காரர் அதைத் தட்டிவிடுகிறார். களத்துக்குள் வந்த பந்தைத் தட்டினால் என்ன தவறு என்று மாணவர்கள் வாதாடினார்கள். அன்று கிருஷ்ணகிரியிலிருந்து வந்திருந்த மூத்த நடுவர் ஒருவர், “பந்து எங்க இருக்குன்னு பாக்காதீங்க தம்பி, யார் கையில இருக்குன்னு பாருங்க” என்றார். ஃபிபாவின் விளக்கமும் அதுவே. பந்து எறிபவரின் கையில் இருக்கும்வரை அதைத் தொடாமல் இருப்பது தடுப்பவரின் பொறுப்பு. தொட்டால் அவருக்கு எச்சரிக்கை உண்டு. அது தலைமைப் பயிற்சியாளருக்கும் தெரிவிக்கப்பட்டு, ஆட்டம் முடியும்வரை அந்த அணி முழுவதற்கும் பொருந்தும். மீண்டும் நடந்தால் டெக்னிக்கல் ஃபவுல் (உடல் மோதலுக்காக அல்லாமல் நடத்தைக்காகத் தரப்படும் ஃபவுல்) கொடுக்கலாம். நான்காம் கால்பகுதியிலோ கூடுதல் நேரத்திலோ கடிகாரம் 2 நிமிடமோ அதற்குக் குறைவாகவோ காட்டினால், நடுவர் கோட்டுக்கு இணையாகக் கையசைத்து முன்கூட்டியே எச்சரித்துவிடுவதால், கோட்டைத் தாண்டிக் குறுக்கிடுபவருக்கு நேராக டெக்னிக்கல் ஃபவுல்தான்.

அதன்பின் எந்தக் கேள்வியானாலும், பந்து கையை விட்டுப் பிரிந்துவிட்டதா, களத்துக்குள் எவரேனும் அதைத் தொட்டுவிட்டார்களா என்ற இரண்டையும் முதலில் பார்த்தேன். யார் மீதும் படாமல் வெளியே போனால், எறிந்த இடத்திலேயே எதிரணிக்குப் பந்து. உள்ளே நிற்பவர் மீது பட்டு வெளியேறினால் த்ரோ-இன் முடிந்துவிட்டது என்பதால், வெளியேறிய இடத்துக்கு அருகிலிருந்து ஆட்டம் தொடரும். களத்துக்குள் நிற்கும் சக வீரரின் கையில் பந்தை அப்படியே கொடுப்பதும் விதிமீறலே. 2022-இல் வந்த த்ரோ-இன் ஃபவுலும் இப்படித்தான் புரிந்தது: அந்தக் கடைசி 2 நிமிடங்களில், எறிபவரின் கையில் பந்து இருக்கும்போதே தடுப்பவர் ஃபவுல் செய்தால், எறியும் அணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோவும் (யாரும் தடுக்காமல் கூடையை நோக்கி எறியும் வாய்ப்பு) பந்தும் கிடைக்கும்.

எங்கள் பக்கத்துப் பள்ளிகள் சிலவற்றில் பக்கக்கோட்டை ஒட்டியே சுற்றுச்சுவர் நிற்கிறது. கோட்டுக்கு வெளியே 2 மீட்டர் இடம் இல்லாவிட்டால், எறிபவரிடமிருந்து மற்றவர்கள் 1 மீட்டராவது விலகி நிற்க வேண்டும். இதைப் பள்ளி ஆட்டங்களில் பலரும் கவனிப்பதில்லை என்பது என் வருத்தம். சுவருக்கும் தடுப்பவருக்கும் நடுவே சிக்கும் பிள்ளை எப்படி எறிவான்?

வாய்மொழித் தேர்வில், இரு அணிக்கும் பந்து பொதுவாகும் தருணத்தில் அடுத்து எந்த அணிக்குப் பந்து என்று காட்டும் அம்புக்குறியைப் பற்றிக் கேட்டார்கள். அம்புக்குறியின்படி கிடைத்த த்ரோ-இன்னில் எறியும் அணி விதிமீறினால் அம்புக்குறி எதிரணிக்கு மாறும் என்றும், பந்தை எவரும் தொடுமுன் எந்த அணி ஃபவுல் செய்தாலும் அது மாறாது என்றும் காரணத்தோடு சொன்னேன். தேர்ச்சி கிடைத்தது.