இரண்டாவது மாடி விளக்கு

பிப்ரவரி 2
கேமரா வந்துவிட்டது. பெட்டியைப் பிரிக்கும்போது கை லேசாக நடுங்கியது. அப்பா, "இப்போ இதுக்கு என்ன அவசரம்?" என்றார். இந்த வீட்டில் இன்னும் 37 நாள்தான் இருக்கிறது என்றேன். பதில் சொல்லவில்லை.

பிப்ரவரி 3
இரவு படிக்கட்டில் 40 படம். எல்லாம் வெள்ளை. எங்கள் படிக்கட்டு வெள்ளை இல்லை.

பிப்ரவரி 5
பரணிலிருந்து பழைய ஃபோட்டோ கவர்களை இறக்கினேன். 1998, 1999. எல்லாம் நிக்கான் எஃப்எம்10 ஃபிலிம் கேமராவில் எடுத்தவை. இரவில் வீட்டுக்குள் எடுத்த படங்களில் அம்மாவின் முகம், குத்துவிளக்கு, சுவர் எல்லாமே பழுத்த மாம்பழ நிறம். அன்றைக்கு அதைக் குறை என்று நினைத்து ஒதுக்கி வைத்திருக்கிறேன்!

அந்த ஃபிலிம் பகல் வெளிச்சத்துக்காகச் செய்தது. வெளிச்சத்தின் நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கில், 5500-இல்தான் வெள்ளை வெள்ளையாக விழும். குண்டு பல்பு 2700 சொச்சம். ஃபிலிமுக்குத் திருத்தத் தெரியாது, வந்த நிறத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். புதுக் கேமரா ஒவ்வொரு படத்திலும் வெளிச்சத்தை எடைபோட்டு மஞ்சளைக் கழித்துவிடுகிறது. இந்த நிறத் திருத்தத்தை, ஒயிட் பேலன்ஸை, ஆட்டோவிலிருந்து வெயில் குறிக்கு மாற்றினேன். வந்தது. ஆனால் எங்கள் மாடியில் மட்டும், மற்ற மாடிகளுக்கு எப்போதோ எல்ஈடி போட்டுவிட்டார்கள்.

கேமரா திருத்தாத மூலக் கோப்பாக (RAW) எடுத்தால் நிறத்தை அப்புறம் எப்படியும் மாற்றலாம், தெரியும். எனக்கு அப்புறம் வேண்டாம். அங்கே நிற்கும்போதே திரையில் அந்த மஞ்சள் தெரிய வேண்டும்.

பிப்ரவரி 8
பழைய 50 மி.மீ. லென்ஸுக்குள் சிலந்தி நூல் மாதிரி பூஞ்சை. மும்பை மழைக்காலத்தில் அலமாரிக்குள் பூட்டிவைத்தால் இதுதான் நடக்கும். எத்தனை ஜூன் மாதங்கள் அப்படியே போயிருக்கின்றன. ஃபோர்ட்டில் போரா பஜார் தெருவில் ஒரு பெரியவர் கழற்றித் துடைத்துக் கொடுத்தார். கோட்டிங்கில் லேசான தடம் உண்டு, படத்தில் தெரியாது என்றார். தெரியவில்லை.

அடாப்டர் வைத்துப் புதுக் கேமராவில் மாட்டினேன். ஃபோகஸ் கையால்தான். வளையம் திருகும் அந்தக் கனம் விரலுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. சின்ன சென்சார் என்பதால் 50 இதில் 75 போல நெருக்கமாகிவிடுகிறது. கூடத்தில் சுவரோடு சுவராக ஒட்டி நின்றாலும் அப்பாவும் ஊஞ்சலும் ஒரே படத்தில் அடங்கவில்லை.

பிப்ரவரி 9
புது வீட்டில் ஊஞ்சலுக்குக் கொக்கி கிடையாதாம்.

பிப்ரவரி 15
விடியலில் செவ்ரி. கடல் வற்றிய சேற்றில் பூநாரைகள். பின்னால் அடல் சேது கடல் பாலம் பனிக்குள் போய்க்கொண்டே இருந்தது. இந்த லென்ஸுக்கு அவை எட்டவில்லை, சேற்றில் சிந்திய குங்குமம் மாதிரி புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. பரவாயில்லை, எத்தனை நாளாயிற்று இப்படி நின்று! 212 படம். கேஸ் இணைப்புக் காகிதம் எங்கே என்று அப்பா ஃபோன் செய்யும்வரை வீட்டு நினைப்பே வரவில்லை.

பிப்ரவரி 18
மாடி விளக்கு ஃபியூஸ்.

பிப்ரவரி 19
மார்க்கெட்டில் நான்கு கடை ஏறி இறங்கினேன். எல்லோரும் வார்ம் ஒயிட் எல்ஈடியையே நீட்டுகிறார்கள். பெட்டியில் 2700 கெல்வின் என்றுதான் போட்டிருக்கிறது. ஒன்றை வாங்கி மாட்டிப் பார்த்தேன். எண் அதேதான், நிறம் அது இல்லை. சாதாரண எல்ஈடியில் அடர் சிவப்பு குறைவு, கதவுப் பித்தளையும் அப்பாவின் கையும் சாம்பல் பூசியதுபோல வருகின்றன. கழற்றிவிட்டேன். இருட்டே தேவலை.

பிப்ரவரி 24
எதிர்வீட்டு மாமி காலி செய்தார். போகும்போது செய்தித்தாளில் சுற்றி ஒன்றைக் கையில் கொடுத்தார். "பரண்ல கிடந்தது. எரியறதான்னு தெரியல, போட்டுப் பாரேன்."

60 வாட். எரிகிறது!

மார்ச் 1
கேமராவில் வைத்தது ஐஎஸ்ஓ 1600, எஃப் 1.8, 1/60 நொடி. அப்பா காய்கறிப் பையோடு ஏறி வந்தவர் எங்கள் வாசலுக்கு மூன்று படி முன்னால் உட்கார்ந்துவிட்டார். நான் மேலே நிற்பது அவருக்குத் தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டு முழங்காலைத் தடவிக்கொண்டார். முருங்கைக்காய் நுனி, கைப்பிடிக் கட்டை, அவருடைய வழுக்கை, எல்லாவற்றிலும் அந்த மஞ்சள். ஒரே ஒரு படம்தான் எடுத்தேன்.

மார்ச் 4
அப்பாவிடம் காட்டினேன். தன்னைப் பார்க்கவே இல்லை. பெரிதாக்கச் சொல்லி, உடைந்த படி ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். "இது நீ சைக்கிளை உருட்டி உடைச்சது."

மார்ச் 6
அப்பாவுக்குக் காய்ச்சல். படம் இல்லை.

மார்ச் 10
டெம்போ நாளைக் காலை 7 மணிக்கு. பல்பைக் கழற்றி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். இன்று ராத்திரி எரியட்டும் என்கிறார் அப்பா. பேட்டரி இரண்டும் சார்ஜில்.