பழைய ஜிபிஎஸ்ஸில் 64 ஜிபி கார்டை ஓட வைத்த கதை

பண்ணாரி தாண்டித் திம்பம் ஏற ஆரம்பித்தால் 27 கொண்டை ஊசி வளைவு, அதற்கு மேல் ஆசனூர், தாளவாடி வரைக்கும் பல இடங்களில் போனில் டவரே இருக்காது. அதனால் மாமா தன் பிக்கப் வண்டியில் பழைய ஜிபிஎஸ் கருவியை இன்னும் கழற்றாமல் வைத்திருக்கிறார். உள்ளே இருந்த சின்ன மெமரி கார்டில் புது வரைபடத்துக்கு இடமில்லை. வீட்டில் சும்மா கிடந்த 64 ஜிபி கார்டைச் செருகினால் கருவி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. காந்திபுரத்தில் ஒரு கடையில் கேட்டதற்கு, "அது 32-க்கு மேல எடுக்காதுங்ணா, புதுசு வாங்கிக்கோங்க" என்றார்கள்.

எடுக்கும். பல கருவிகளில் அளவைவிட ஃபார்மேட்தான், அதாவது கார்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறைதான் தகராறு. 32 ஜிபி வரையிலான கார்டு வகைக்கு எஸ்டிஎச்சி என்று பெயர், அவை ஃபேட்32 என்ற பழைய ஃபார்மேட்டில் வரும், 64-இலிருந்து எஸ்டிஎக்ஸ்சி என்ற வகை, அவை எக்ஸ்ஃபேட் என்ற புதிய ஃபார்மேட்டில் வரும். எஸ்டிஎக்ஸ்சி வந்ததே 2009-இல்தான், அதற்கு முந்தைய கருவிக்குப் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட்டைப் படிக்கத் தெரியாது. சரி, ஃபேட்32-க்கு மாற்றலாம் என்று விண்டோஸில் வலது கிளிக் செய்து ஃபார்மேட் போனால், 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுக்கு அந்தப் பட்டியலில் ஃபேட்32 என்ற பெயரே வராது. நிறைய பேர் இந்த இடத்தில்தான் கைவிட்டுவிடுகிறார்கள்.

நான் ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளில் செய்தேன். கார்டு ரீடரில் கார்டைப் போட்டு, பூட் தேர்வில் 'நான் பூட்டபிள்', பார்ட்டிஷன் வகையில் எம்பிஆர், ஃபைல் சிஸ்டத்தில் 'லார்ஜ் ஃபேட்32', கிளஸ்டர் 32 கிலோபைட். ஸ்டார்ட் அழுத்தும் முன் மேலே காட்டும் டிரைவ் எழுத்தையும் அளவையும் நிதானமாகப் பாருங்கள், பக்கத்தில் பென் டிரைவோ ஹார்ட் டிஸ்கோ செருகியிருந்தால் முதலில் அதைப் பிடுங்கிவிடுங்கள், ஏனென்றால் அழிந்தது அழிந்ததுதான். 64 ஜிபி கார்டு 59 ஜிபி சொச்சம் என்று காட்டும், அது கணக்கு முறை வித்தியாசம், பயப்பட வேண்டாம். மலிவு விலைக் கார்டு என்றால் மட்டும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருளைப் போட்டு நிஜமாகவே அவ்வளவு இடம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அப்புறம் வரைபடத்தை ஏற்றினேன். ஃபேட்32-இல் ஒரே கோப்பு 4 ஜிபியைத் தொடக்கூடாது, அதனால் இந்தியா முழுவதையும் ஒரே மூட்டையாகத் திணிக்காமல் நமக்கு வேண்டிய தென்னிந்தியப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். கருவியை அணைத்துவிட்டுச் செருகி ஆன் செய்ததும் வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் யோசித்தது, பிறகு தாளவாடி ரோடு திரையில் வந்தது. மாமா தொட்டுத் தொட்டுப் பெரிதாக்கி ஒவ்வொரு ஊராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இது எல்லாக் கருவிக்கும் நடக்கும் என்று சொல்ல மாட்டேன். எஸ்டிஎச்சி வந்தது 2006-இல், அதையே ஏற்காத அதற்கு முந்தைய கருவி என்றால் 2 ஜிபி கார்டுதான், எந்த ஃபார்மேட்டும் உதவாது. கருவியின் மேலோ கையேட்டிலோ எஸ்டிஎச்சி என்று போட்டிருந்தால் தாராளமாக முயன்று பார்க்கலாம். ஒன்று மட்டும், இந்தக் கார்டைக் கேமராவிலோ போனிலோ போட்டு ஃபார்மேட் கொடுத்தால் பெரும்பாலும் மறுபடி எக்ஸ்ஃபேட் ஆகிவிடும், அதனால் பேனாவால் மேலே 'வண்டி' என்று எழுதித் தனியாக வைத்துவிடுங்கள்.