ஏழாம் பிரிவில் ‘எதிராளிகள்’

கடன் கிடைத்துவிட்டது. துணி ஓரம் அடிக்கும் ஓவர்லொக் மெஷின் கடைக்கு வந்து பத்து நாளாகிறது. ஆனாலும் அந்த விண்ணப்பப் படிவத்தின் ஏழாம் பிரிவை நினைத்தால் இன்னும் நெஞ்சு கொதிக்கிறது. ஒரே ஒரு சொல். யாரோ கவனமில்லாமல் எழுதிவைத்த அந்தச் சொல்லால் எனக்கு இரண்டரை மாதம் வீணானது. நான்கு நாள் கடையைப் பூட்டினேன். தேவையே இல்லாத சத்தியக்கடதாசி (அஃபிடவிட்) ஒன்றுக்குக் காசும் கொடுத்தேன். சிறு தொழில் கடனுக்குத் தமிழில் விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு இது நேரக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் பதினொரு வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். சாறி பிளவுஸ், சாறிக்கு ஓரம் அடிப்பது, பாடசாலைச் சீருடை. வியாபாரப் பெயர்ப் பதிவு, கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ், வங்கிக் கூற்று, இரண்டு பிணையாளர்கள் எல்லாம் ஒரு வாரத்துக்குள் சேர்ந்துவிட்டன. படிவத்தின் முதல் ஆறு பிரிவுகளையும் ஒரே இருப்பில் நிரப்பினேன். ஏழாவதில் இப்படி இருந்தது: ‘எதிராளிகள்: பெயரும் முகவரியும்’.

எங்கள் வீட்டுக்கு அந்தச் சொல் புதிதல்ல. ஊரில் அப்பாவின் காணி எல்லை வழக்கு ஒன்பது வருடம் இழுபட்டது. வந்த கடதாசி ஒவ்வொன்றிலும் வழக்காளி, எதிராளி என்ற இரண்டு சொற்களும் இருக்கும். அப்பாதான் எதிராளி. அந்தச் சொல்லைக் கண்டாலே அம்மாவுக்குக் கை நடுங்கும். கடன் கொடுக்கிறவர்கள் வழக்கு வம்பு இருக்கிறதா என்று கேட்பது நியாயம்தானே என்று எண்ணி, ‘எவரும் இல்லை. என் பேரிலோ கடையின் பேரிலோ எந்த நீதிமன்றத்திலும் வழக்கு இல்லை’ என்று எழுதினேன். “வெறும் வாய்ச்சொல்லை நம்பமாட்டார்கள், சத்தியக்கடதாசி ஒன்று வையுங்கள்” என்றார் பிணையாளர்களில் ஒருவர். சமாதான நீதவான் ஒருவரிடம் போய் அதையும் முடித்து இணைத்தேன்.

மூன்று வாரம் கழித்துப் பதிவுத் தபாலில் விண்ணப்பம் திரும்பி வந்தது. கூடவே ஒரு கடிதம், முழுக்கச் சிங்களத்தில். எனக்குச் சிங்களம் நன்றாகப் பேச வரும், வாசிக்க வராது. தமிழில் விண்ணப்பித்தவருக்கு ஓர் அரச அலுவலகம் தமிழில் பதில் எழுதவேண்டும். அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை அந்த உரிமையைக் கொழும்பில் இருப்பவருக்கும் தருகிறது. நான் அன்றைக்கு அதைக் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும். மேல்மாடியில் குடியிருக்கும் பிள்ளைதான் வாசித்துச் சொன்னது: ‘7 ஆம் பிரிவு பூரணமற்றது.’

கடையைப் பூட்டிவிட்டு இரண்டு பஸ் மாறி அந்த அலுவலகத்துக்குப் போனேன். கருமபீடத்தில் இருந்த இளைஞர் ஏழாம் பிரிவில் விரலை வைத்து “மேக்க புரவன்ன” என்றார். இதை நிரப்புங்கள் என்று அர்த்தம். ஒருவரும் இல்லையே என்றேன். “ஒருவரும் இல்லாமல் எப்படி? எல்லாருக்கும் இருப்பார்கள்தானே. ஐந்து பேருடைய பெயராவது எழுதுங்கள்” என்று சிங்களத்தில் சொன்னார். எனக்குத் தலை சுற்றியது. என் மீது வழக்குப் போட ஐந்து பேர் இருக்கவேண்டும் என்கிறாரா? சத்தியக்கடதாசியை எடுத்து நீட்டினேன். அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. தமிழ் தெரிந்த அலுவலர் வெளியே போயிருக்கிறார், அடுத்த கிழமை வாருங்கள் என்று படிவத்தை மடித்துத் தந்துவிட்டார்.

அடுத்த கிழமை போனால் அந்த அலுவலர் விடுமுறையில் இருந்தார். முதல் நாளே தொலைபேசியில் கேட்டேன், வருவார் என்றுதான் சொன்னார்கள். தீபாவளித் தையல் மேசை நிறையக் கிடக்கும்போது ஒரு முழு நாளை இப்படிப் பறிகொடுத்த வேதனையைத் தொழில் செய்கிறவர்களிடம் விளக்கத் தேவையில்லை.

மூன்றாவது தடவை பொதுமக்கள் தினத்தில் போனேன். காலை ஒன்பது மணியிலிருந்து மத்தியானம் வரை வரிசை. தமிழ் அலுவலரைப் பார்த்ததும் பெரிய நிம்மதி. ஆனால் அவரும் அந்தத் தமிழ்ச் சொல்லை மட்டும்தான் பார்த்தார். “எதிராளி என்றால், உங்களோடு பிரச்சினைப்பட்டவர்கள் யாரும் இல்லையா அம்மா? ஏதாவது சொல்லி எழுதுங்கள், அப்போதுதான் ஃபைல் நகரும்” என்றார். புதிய படிவம் கேட்டேன். தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டது என்று சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒவ்வொன்று தந்தார்கள். அதை வைத்து நான் என்ன செய்வது என்று எரிச்சலோடு பைக்குள் திணித்தேன்.

அன்று இரவு செய்த காரியத்துக்காக இன்றும் வருந்துகிறேன். ஒழுங்கையின் எதிர்ப்பக்கத்தில் இன்னோர் அக்கா தையல் கடை வைத்திருக்கிறார். ஐந்து வருடத்துக்கு முன் பெயர்ப்பலகை ஒன்றைப் பற்றி எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. இரண்டு நாளில் சரியாகிவிட்டது. பிரச்சினைப்பட்டவர் என்றால் எனக்கு ஞாபகம் வந்தது அவர் ஒருவர்தான். பென்சிலால் அவருடைய பெயரை அந்த இடத்தில் எழுதினேன். எழுதிவிட்டுப் பார்த்தால், ‘எதிராளிகள்’ என்ற சொல்லின் கீழே அக்காவின் பெயர். என் வீட்டில் ஒன்பது வருடம் அப்பாவின் பெயர் இருந்த இடம் அது. நூல் தீர்ந்தால் நான் ஓடுவது அவரிடம். தைப்பொங்கலுக்கு வேலை கூடினால் மிஞ்சியதை என்னிடம் அனுப்புகிறவர் அவர். உடனே அழித்துவிட்டேன். கடதாசியில் அந்தத் தடம் மட்டும் போகவில்லை.

வழி திறந்தது புறக்கோட்டையில். கெய்சர் வீதியில் லைனிங் துணியும் பொத்தானும் வாங்கும் கடையின் முதலாளி சிங்களவர், எனக்கு நெடுநாள் பழக்கம். சிங்களப் படிவத்தை அவரிடம் காட்டி, ஏழாவதில் என்ன கேட்கிறார்கள் என்றேன். ‘தரங்ககருவன்’ என்று வாசித்தார். சிங்களத்தில் தரங்கய என்றால் போட்டி. “உங்களைப் போல வேறு யார் யார் தைக்கிறார்கள் என்று கேட்கிறார்கள், அவ்வளவுதான்” என்றார். ஆங்கிலப் படிவத்தில் ‘கொம்பெட்டிட்டர்ஸ்’ என்று இருந்தது. தமிழில் மட்டும்தான் எதிராளி.

எனக்கு அங்கேயே நின்று அழவேண்டும் போலிருந்தது. இரண்டு மாதமாக அவர்கள் கேட்டது ‘போட்டியாளர்கள்’.

அதோடு விட எனக்கு மனம் வரவில்லை. பிழை என் விளக்கத்திலா, அந்தச் சொல்லிலா என்று நிச்சயமாகத் தெரியவேண்டும். மறுநாள் மாலை 57 ஆம் ஒழுங்கையில் உள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கத்துக்கு நடந்தேன். 1942 இல் தொடங்கிய சங்கம் அது, நூலகமும் இருக்கிறது. அகராதியில் எதிராளிக்குக் கண்ட பொருள்கள் எதிரி, எதிர்க்கட்சிக்காரர், வழக்கில் எதிர்த்தரப்பார். சந்தையில் பக்கத்துக் கடை வைத்திருப்பவர் என்று எங்கும் இல்லை.

யோசித்துப் பார்த்தால் வேறுபாடு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. எதிர் என்றால் முகத்துக்கு முகம். எதிராளி எனக்கு நேர் எதிரே நிற்கிறவர், அவர் வென்றால் நான் தோற்கவேண்டும். வழக்கிலும் சதுரங்கப் பலகையிலும் அது சரியான சொல். எதிரி இன்னும் கடுமை. எங்கள் நாட்டுக் குற்ற வழக்குச் செய்திகளில் ‘முதலாம் எதிரி, இரண்டாம் எதிரி’ என்று எழுதுவது குற்றஞ்சாட்டப்பட்டவர்களைத்தான். போட்டியாளர் அப்படியல்ல. போட்டியில் எல்லாருடைய முகமும் ஒரே பக்கம் பார்க்கிறது. ஒரே வாடிக்கையாளரையோ ஒரே பரிசையோ நோக்கிப் பலர் ஓடுகிறார்கள், பக்கத்தில் ஓடுகிறவரோடு கதைத்துக்கொண்டும் ஓடலாம்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. போட்டியாளர் என்ற சொல் தொலைக்காட்சிப் பாட்டு நிகழ்ச்சிகளிலும் விளையாட்டு விழாக்களிலும்தான் நம் காதில் அதிகம் விழுகிறது. மற்ற இடங்களில் போட்டி இருந்தாலும் ஆளுக்கு வேறு பெயர். வர்த்தமானியில் ‘திறந்த போட்டிப் பரீட்சை’ என்று அறிவிப்பார்கள், அதை எழுதுகிறவர் பரீட்சார்த்தி. தேர்தலில் போட்டியிடுகிறவர் வேட்பாளர். கேள்விப்பத்திரம் (டெண்டர்) போடுகிறவர் கேள்விதாரர். கடைத்தெருவிலோ யாரும் போட்டியாளர் என்று சொல்வதில்லை. ‘அவரும் எங்களுக்குப் போட்டிதான்’, ‘போட்டிக்குக் கடை போட்டிருக்கிறார்’, ‘போட்டி போட்டுக்கொண்டு விலையைக் குறைக்கிறார்கள்’ என்போம். போட்டி நம் வாயில் நாள்தோறும் புழங்குகிறது, ஆளைக் குறிக்கும் சொல்தான் மேடைக்கு உரியதாகிவிட்டது. அதனால்தான் மொழிபெயர்த்தவரின் கை எதிராளிக்குப் போனதோ என்று நினைக்கிறேன். இருந்தாலும் அதை மன்னிக்க எனக்கு மனமில்லை. தமிழ் பேசும் ஒரு கடைக்காரரிடம் படிவத்தை ஒரு தடவை வாசிக்கக் கொடுத்திருந்தால் போதும்.

சரியான கேள்வி தெரிந்த பிறகு ஏழாம் பிரிவை நிரப்ப ஒரு மணி நேரம் ஆனது, அந்த ஒரு மணி நேரம் பயனுள்ளதாகவும் இருந்தது. முதலில் எதிர்க்கடை அக்கா. பிறகு அடுத்த ஒழுங்கையில் உள்ள இரண்டு கடைகள். அதற்குமேல் எழுத ஒன்றும் இல்லை என்று நினைத்தபோதுதான், சென்ற வருடம் என்னிடம் வராமல் போனவர்கள் எங்கே போனார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். சிலர் புறக்கோட்டையில் தைத்த பிளவுஸையே வாங்கிவிட்டார்கள். சிலர் எந்தச் சாறிக்கும் பொருந்தும் இழுபடும் துணி பிளவுஸுக்கு மாறிவிட்டார்கள். தெஹிவளையில் வீட்டிலிருந்து தைக்கும் பெண்கள், தொலைபேசியில் அளவு வாங்கி வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அவர்களிடம் பெயர்ப்பலகை கிடையாது, ஆனால் எனக்கு உண்மையான போட்டி அவர்கள்தான். உங்கள் படிவத்திலும் இந்தக் கேள்வி வந்தால் ஒரே தொழில் செய்பவர்களோடு நிறுத்தாதீர்கள். உங்களிடம் வரவேண்டிய காசு வேறு யாரிடம் போகிறதோ அவர்கள் எல்லாரையும் எழுதுங்கள். ‘ஒருவரும் இல்லை’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அதைக் கண்டால் சந்தையே தெரியாதவர் என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

இன்னொன்று. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் மூன்று மொழிப் படிவங்களையும் கேட்டு வாங்குங்கள். தமிழில் ஒரு சொல் உறுத்தினால் மற்ற இரண்டிலும் அதே இலக்கத்தைப் பாருங்கள். நமக்குத் தெரியாத மொழியாக இருந்தாலும் பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் இருப்பார். தமிழில் பதில் வராவிட்டால் தமிழில் எழுதிக் கேளுங்கள், முன்பக்கத்திலேயே ‘பதிலைத் தமிழில் அனுப்பவும்’ என்று எழுதிவிடுங்கள். நான் இரண்டாம் முறை அப்படி எழுதினேன். பதில் தமிழில் வந்தது.

நான்காவது பயணத்தில் விண்ணப்பத்தோடு ஒரு முறைப்பாட்டுக் கடிதமும் கொண்டுபோனேன். மூன்று மொழிப் படிவங்களின் ஏழாம் பிரிவையும் போட்டோக்கொப்பி எடுத்து ஒரே தாளில் ஒட்டியிருந்தேன். தமிழ் அலுவலர் அதை நெடுநேரம் பார்த்தார். “இத்தனை நாளாக வந்த தமிழ் விண்ணப்பங்களில் இந்த இடம் வெறுமையாகத்தான் இருந்தது அம்மா. எங்கள் ஆட்கள் எழுதத் தெரியாமல் விடுகிறார்கள் என்று நினைத்தேன்” என்றார். அவருடைய முகம் வாடிவிட்டது. கடிதத்தைப் பதிந்து இலக்கம் தந்தார், புதிய படிவம் அச்சாக நாளாகும் என்றும் சொன்னார்.

நான்கு கிழமையில் கடன் சரிவந்தது. கையெழுத்துப் போடப் போன அன்று கருமபீடத்தில் தமிழ்ப் படிவங்கள் ஒரு கட்டு வந்திருந்தன. மேலே இருந்ததை எடுத்துப் பார்த்தேன். ஏழாம் பிரிவில் ‘எதிராளிகள்’ நீலப் பேனையால் வெட்டப்பட்டு, மேலே கையால் ‘போட்டியாளர்கள்’ என்று எழுதியிருந்தது. அடுத்ததையும் அதற்கடுத்ததையும் புரட்டினேன். ஒவ்வொன்றிலும் அப்படியே, ஒரே கையெழுத்தில். ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து எதிர்க்கடை அக்காவிடம் கொடுத்தேன், அவரும் ஒரு மெஷின் வாங்க நினைத்திருக்கிறார்.