சுழி

கேரளத்தில், பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் தமிழ்வழிப் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். வகுப்பறையில் தமிழ், ஆசிரியர் அறையில் பாதி மலையாளம், அலுவலகத்துக்குப் போகிற தாள்களில் முழு மலையாளம். என் அன்றாடம் இதுதான். இதற்கு நடுவில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் கட்டுரை, நான் வழக்கமாக எழுதுகிற ஒரு சொல்லை எழுதவிடாமல் செய்துவிட்டது.

கட்டுரைப் போட்டி ஒன்றுக்கு 'எங்கள் ஊர் ஆறு' என்று தலைப்பு கொடுத்திருந்தார்கள். மற்ற பிள்ளைகள் ஆறு மலையில் பிறந்து தவழ்ந்து ஓடி வருவதாக எழுதினார்கள். இவள் இப்படித் தொடங்கியிருந்தாள்: "எங்கள் ஆறு மழை பெய்தால் வராது. கடிதம் போட்டால் வரும். வரும் தேதியை அப்பா போனில் பார்த்துச் சொல்லுவார். வந்ததும் பெரிய தோட்டக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் போய்விட்டுக் கடைசியாகத்தான் எங்களிடம் வரும். வந்தாலும் ரெண்டு நாள் தங்காது. என் பெரியம்மா மாதிரி."

நடுவர் ஓரத்தில் எழுதியிருந்தது ஒரே வரி: "விசித்திரமான நடை. தலைப்பை விட்டு விலகிவிட்டது."

பரிசு போனதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. அவள் எழுதியதில் ஒரு சொல்கூட விசித்திரம் இல்லை என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. எங்கள் ஆறான சித்தூர்ப் புழை அப்படித்தான் வருகிறது. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே பரம்பிக்குளம் ஆழியாறு தண்ணீர் ஒப்பந்தம் 1970-இல் கையெழுத்தானது. அதன்படி ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் எல்லையோர மணக்கடவில் கேரளத்துக்குக் கிடைக்க வேண்டும். அங்கே அளந்து விடுகிற தண்ணீர் மூலத்தரா தடுப்பணைக்கு வந்து வலது, இடது வாய்க்கால்களில் பிரிகிறது. வரத்துக் குறைந்தால் இங்கிருந்து தமிழ்நாட்டுக்குக் கடிதம் போகும், பேச்சுவார்த்தை நடக்கும். கடைமடைக்குத் தண்ணீர் எட்டுவது எல்லாருக்கும் பிறகுதான். அவள் வீடு கடைமடையில் இருக்கிறது. ஆறு மலையில் பிறந்து தவழ்வதை அவள் பார்த்ததே இல்லை. பார்த்ததை எழுதினாள், பார்க்காதவர் அதை விசித்திரம் என்றார்.

என் பக்கத்து இருக்கையில் உட்காரும் இங்கிலீஷ் டீச்சருக்கு அந்தப் பத்தியை மலையாளத்தில் சொன்னேன். "நல்ல குவர்க்கி ஆணல்லோ டீச்சரே!" என்றார். குவர்க்கி (quirky) என்றால் வழக்கத்துக்கு மாறான, தனிப்போக்கான என்று பொருள். பாராட்டித்தான் சொன்னார். எனக்கும் மனம் குளிர்ந்தது. அந்த மகிழ்ச்சியில் நான் செய்த காரியம்தான் தவறாகப் போனது. வகுப்பில் எல்லார் முன்னாலும் அவளை நிற்கவைத்து, "நீ வித்தியாசமா எழுதுற, இதை விட்டுராதே" என்றேன்.

அடுத்த கட்டுரை வந்தது. தலைப்பு 'எங்கள் ஊர்ச் சந்தை'. அதில் நிலா ரேஷன் கடை வரிசையில் நின்றது. தக்காளி கவிதை சொன்னது. தராசு தூங்கிப்போய்க் கனவு கண்டது. வரிக்கு வரி வித்தியாசம். ஆனால் சந்தையின் ஒரு வாசனைகூட அதில் இல்லை. அவள் சந்தையைப் பார்த்து எழுதவில்லை, என்னைப் பார்த்து எழுதியிருந்தாள். நடுவர் 'விசித்திரம்' என்று தள்ளினார், நான் 'வித்தியாசம்' என்று தூக்கினேன். இரண்டு பேருமே அவள் என்ன சொல்கிறாள் என்பதைக் கேட்காமல் விட்டோம். நடுவரைவிட நான்தான் அதிகம் கெடுத்தேன் என்று இப்போதும் நினைக்கிறேன். அவர் ஒரு பரிசைத்தான் எடுத்தார்.

அவள் அப்பா மாட்டு வியாபாரி. பொள்ளாச்சிச் சந்தைக்கும் இங்கேயும் போய்வருகிறவர். பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவரிடம் இரண்டு கட்டுரைகளையும் படித்துக் காட்டினேன். முதலாவதுக்குச் சிரித்தார். இரண்டாவதுக்குப் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "மாட்டுக்குச் சுழி பாக்கறது தெரியுங்களா டீச்சர்?"

சுழி என்றால் மாட்டின் உடம்பில் மயிர் சுழன்று கிடக்கிற இடம். அதில் கோபுரச்சுழி, ராஜசுழி என்று விலை ஏற்றுவதும் உண்டு, பாடைச்சுழி என்று ஆளையே விலக வைப்பதும் உண்டு. ஆகாத சுழியைச் சிலர் எண்ணெய் தேய்த்துச் சீவி மறைத்துக் கொண்டுவருவார்களாம். "எதிர்ல ஒரு தடவு தடவுனா எந்திரிச்சு நின்னுருங்க. கன்னு பொறக்கையில கூடவே வர்றதில்லீங்களா? நாம சீப்புல சுழிச்சு விட்டது மழத்தண்ணி பட்டாப் போயிரும்." கொஞ்சம் நிறுத்தி, "பாடைச்சுழின்னு ஒதுக்குன மாடு எட்டு ஈத்து ஈன்னதையும் பாத்திருக்கனுங்க" என்றார்.

'குவர்க்கி'க்கு மூலமான 'குவர்க்' என்கிற ஆங்கிலச் சொல்லின் பழைய பொருள்களில், பேனா எழுத்தில் போடுகிற சுழிப்பும் ஒன்று என்று பின்னால் அகராதி பார்த்துத் தெரிந்துகொண்டேன். எனக்கு அது மாட்டு வியாபாரியிடம் முன்பே தெரிந்துவிட்டது.

நான் ஆண்டுதோறும் நடத்துகிற பாடத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது. வழு என்றால் பிழை. வழுவமைதி என்றால், பிழை போல் இருந்தாலும் காரணம் இருப்பதால் ஏற்றுக்கொள்வது. 13ஆம் நூற்றாண்டு இலக்கண நூலான நன்னூல் அந்தக் காரணங்களை உவப்பு (மகிழ்ச்சி), உயர்வு, சிறப்பு, செறல் (கோபம்), இழிப்பு என்று எண்ணிக்கொடுக்கிறது. பசுவைப் பார்த்து ஒருவன் "என் அம்மை வந்தாள்" என்றால், அஃறிணையை உயர்திணையாகச் சொன்னது உவப்பினால் வந்த திணை வழுவமைதி. தேர்வுக்கு இரண்டு மதிப்பெண் கேள்வி, மனப்பாடம் செய்துவிட்டுப் போவார்கள். ஆனால் அந்த இலக்கணம் செய்கிற காரியத்தைப் பாருங்கள். மாறிக் கிடக்கிற ஒரு சொல்லைப் பார்த்ததும் அது எந்த மனநிலையிலிருந்து வந்தது என்று கேட்கிறது. ஆற்றைப் பெரியம்மா என்று அவள் எழுதியதில் உவப்பும் உண்டு, செறலும் உண்டு. பெரியம்மா மேல் உள்ள கோபம் அத்தனையும் அந்த ஒரு சொல்லில் இருந்தது. தக்காளி கவிதை சொன்னதில் ஐந்தில் ஒன்றும் இல்லை.

சந்தைக் கட்டுரையைத் திருப்பிக் கொடுக்கும்போது ஓரத்தில் 'வித்தியாசம்' என்று எழுதவில்லை, 'நன்று' என்றும் எழுதவில்லை. "சந்தையில் நீ எங்கே நிற்பாய்?" என்று மட்டும் எழுதினேன். மறுநாள் நோட்டில் அதற்குக் கீழேயே பதில் இருந்தது:

"அப்பா பக்கத்துல டீச்சர். விலை பேசும்போது துண்டுக்குள்ள கைய விட்டு வெரலப் புடிப்பாங்க. எனக்குத் துண்டு மட்டுந்தான் தெரியும். துண்டு ஆடறத வெச்சு அப்பாக்கு லாபமா நட்டமான்னு சொல்லிருவேன்."

அதையே கட்டுரையாக எழுதிக்கொண்டு வரச் சொன்னேன்.