நியூ மெக்சிகோவில் மூதாதையரைத் தேடுதல்

நியூ மெக்சிகோவைச் சேர்ந்த நண்பர் ஒருவர், 1598-இல் ஹுவான் தே ஒன்யாத்தேயின் தலைமையில் ரியோ கிராண்டே ஆற்றைக் கடந்து வந்த ஸ்பானியக் குடியேறிகள்வரை தம் வம்சாவளியைக் கொண்டுசெல்ல முயல்கிறார். அவருக்கு உதவப் போய் நானும் அதில் மூழ்கிவிட்டேன். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளைக் கொண்டு ஓரளவு பின்னோக்கிச் செல்லலாம். சிக்கல் அதற்கு அப்பால்தான்.

1680-இல் அப்பகுதியின் பூர்வகுடியினரான புவெப்லோ மக்கள் கிளர்ந்தெழுந்து ஸ்பானியரை எல் பாசோவரை விரட்டியபோது, தேவாலயங்களோடு அவற்றின் பதிவேடுகளும் பெரும்பாலும் அழிந்தன. ஆகவே ஒன்யாத்தேயின் படைப் பட்டியல்கள், மெக்சிகோ நகரில் எஞ்சிய மதவிசாரணை ஆவணங்கள், 1693-இல் ஸ்பானிய ஆளுநர் தியேகோ தே வர்காஸுடன் திரும்பியவர்களைப் பற்றிய குறிப்புகள், மணமக்களுக்கிடையே திருமணத்துக்குத் தடையான உறவுமுறை உண்டா எனத் திருச்சபை சாட்சிகளை விசாரித்து எழுதிவைத்த ஆவணங்கள் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. கடைசியாகச் சொன்னவையே, என் பார்வையில், மிகவும் சுவையானவை.

குடும்பப் பெயரை மட்டும் நம்பிவிட முடியாது. சிறைபிடிக்கப்பட்டு ஸ்பானியரின் வீடுகளில் வளர்க்கப்பட்ட, ஹெனிசாரோ என்று அழைக்கப்பட்ட பூர்வகுடியினரும் ஸ்பானியப் பெயர்களையே பெற்றனர். தம் முன்னோருள் அவர்களும் இருக்கக்கூடும் என்பதை நண்பர் மகிழ்ச்சியோடு ஏற்கிறார். அவருடைய பெரியப்பாதான் இன்னும் இசையவில்லை.