கொண்டைக்கு எங்க எடம்

மார்ச் 28, 2020
கம்பெனி பூட்டி நாலு நாளாச்சு. கொழந்தைங்க ஹூடி ஆர்டர் வெட்டுனது வெட்டுனபடி டேபிள் மேலயே கெடக்கு. பையர் கேன்சல்னு ஒரே ஒரு மெயில் போட்டானாம்.

தங்கச்சி பாப்பாவுக்கு கொரோனா வார்டு டூட்டி போட்டுட்டாங்க. அம்மாகிட்ட இன்னும் சொல்லல.

ஏப்ரல் 2
மொதலாளி போன் பண்ணி, மாஸ்டர், பிபிஇ கவரால், அதான் ஆஸ்பத்திரில தலைல இருந்து கால் வரைக்கும் மூடற உடுப்பு, அத தைக்கறோம், பாஸ் வாங்கியாச்சு காலைல வந்துருங்கன்னாரு. நான் இருபது வருசமா பேட்டர்ன், அதாவது துணி வெட்டற அளவு, போட்டது முச்சூடும் பனியன், டிரங்க், டிசர்ட், ஹூடி. சரின்னுட்டேன். வேற என்ன சொல்றது.

ஏப்ரல் 3
துணிய தொட்டு பாத்தேன். நான்வோவன், அதாவது நெய்யாத துணி, மேல லேமினேசன், 90 ஜிஎஸ்எம், சதுர மீட்டருக்கு 90 கிராம். கசக்குனா சரசரன்னு பேப்பர் மாதிரி. பனியன் துணின்னா இழுத்தா வரும், பேட்டர்ன்ல அரை இன்ச் தப்பு இருந்தாலும் அதுவே மறைச்சிரும். இது ஒரு நூல் கூட குடுக்காது. தப்பா தைச்சு பிரிச்சா ஊசி ஓட்டை அப்படியே நிக்குது, அந்த பீஸ் குப்பைக்குத்தான்.

ஒடம்பு, கை, காலு எல்லாம் ஒரு நாள்ல போட்டுட்டேன். தலைதான். கையில இருந்த ஹூடி பேட்டர்ன பெருசு பண்ணி வெச்சேன், அழகா நின்னுச்சு, என் தலைக்கு.

ஏப்ரல் 5
9 மணிக்கு ஊரே வெளக்கு ஏத்திட்டு இருக்கு. நான் அந்த வெளிச்சத்துல வீட்டுக்காரி தலைய இன்ச் டேப்ல அளந்துட்டு இருக்கேன். ஏனுங்க உங்களுக்கு கிறுக்கு புடிச்சிருச்சுங்களாங்கறா.

ஏப்ரல் 8
மொத சாம்பிள பாப்பாவுக்கு குடுத்து விட்டேன். ராத்திரி வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு, நாலு நிமிசம். "அண்ணா, ஆம்பளைக்கு தைச்சிருக்கீங்க. என் கொண்டைய எங்க வெக்கறது?"

அவ்வளவு முடியையும் சுருட்டி பின்னால வெச்சா ஹூட் பின்னாடி இழுக்குது, முன்னால நெத்தி தெரியுது, கண்ணாடிக்கும் ஹூடுக்கும் நடுவுல ஒரு வெரல் அளவுக்கு தோல். அந்த ஒரு வெரலுக்குத்தான் இத்தன கூத்தே. வார்டுல முக்காவாசி பேரு நர்ஸம்மாங்க, முக்காவாசி கொண்டை. ஒருத்தனுக்கும் இது தோணல பாருங்க, நானும் அதுல ஒருத்தன்.

ஏப்ரல் 11
தூக்கம் வரல, எழுதியாவது வெக்கறேன்.

ஹூட்ட ரெண்டு பேனல்ல, அதாவது ரெண்டு துண்டா வெட்டுனா நடு மண்டைல ஒரே தையல், ஆனா தலை ஒல்லியா வரும். மூணு பேனல், அதாவது நடுவுல ஒரு பட்டை குடுத்தா கொண்டைக்கு எடம் இருக்கு, ஆனா தையல் ரெண்டு. தையல்னாலே ஊசி ஓட்டை, ஓட்டைக்கு மேல டேப் ஒட்டணும். சூடு காத்துல டேப் ஒட்டற ஹாட் ஏர் மெஷின்ல நேர் தையலுக்கு டேப் வழுக்கிட்டு போகுது, மண்டை வளைவுல வந்தா சுருங்குது, சுருங்குன எடத்துல ஒரு மயிரிழை வழி இருந்தா போதும், ரத்தம் எறங்கிரும். டார்ட், அதாவது துணிய கூரா மடிச்சு தைச்சு புடிக்கலாம்னா அதுவும் தையல்தான்.

தையலே இல்லாம எடம் வேணும். இத எவன்கிட்ட கேக்கறது.

ஏப்ரல் 14
சித்திரை 1. வேப்பம்பூ மட்டும் இருந்துச்சு.

ஏப்ரல் 16
கோயம்புத்தூர் சிட்ராவுக்கு, அந்த ஜவுளி ஆராய்ச்சி லேபுக்கு, அனுப்புன சாம்பிள் ரிப்போர்ட் வந்துருச்சு. அங்க ஐஎஸ்ஓ 16603னு ஒரு டெஸ்ட்டு, செயற்கை ரத்தத்த துணி மேல அழுத்தத்தோட நிக்க வெச்சு பின்னால செவப்பு தெரியுதான்னு பாப்பாங்க. கிளாஸ் 3 வேணும், 3.5 கிலோபாஸ்கல் தாங்கணும். துணி பாஸ். தையல் பெயில்.

மொதலாளி ஒண்ணும் சொல்லல. அதுதான் பயமா இருக்கு.

ஏப்ரல் 17
மடிப்பு!! வீட்டுக்காரி சேலை கொசுவம் வெச்சுட்டு நின்னா, அத பாத்து. பின்னந்தலைல ஒரு மடிப்பு, தைக்கவே வேண்டாம், கழுத்து தையல்ல மட்டும் சேத்து புடிச்சிட்டா போதும். கொண்டை இருந்தா விரியும், இல்லைன்னா மூடிக்கும். மேல புதுசா ஒரு ஓட்டை இல்ல. பேனல் ரெண்டே போதும், மெஷின்காரனுக்கு ஒரே வளைவு, அவன் மெதுவா ஓட்டட்டும்.

டீ மூணு குடிச்சேன்.

ஏப்ரல் 20
நேத்து ராத்திரி சென்னைல கொரோனால செத்த டாக்டர பொதைக்க விடாம கல்லால அடிச்சிருக்காங்க. ஆம்புலன்ஸ் கண்ணாடி ஒடஞ்சிருக்கு. பாப்பா போன எடுக்கல. எதுக்குடா இந்த மடிப்பு.

ஏப்ரல் 23
எடுத்தா. அழுகல, திட்டுனா. நோயாளிய திருப்பி படுக்க வெக்க குனிஞ்சா ஹூட் பின்னால போகுதாம். மறுபடியுமா! நான் ஹூட்டயே ஒரு இன்ச், ஒன்றரை இன்ச்னு ஏத்திட்டு கெடந்தேன், ஒண்ணும் ஆகல. அப்பறம் நானே ஒண்ணு மாட்டிட்டு வீட்டு வாசல்ல குனிஞ்சு நிமுந்து பாத்தா, தப்பு தலைல இல்ல, இடுப்புல. ஒரே துண்டு உடுப்பு, ஒடம்பு நீளம் பத்தலைன்னா குனியும்போது தொடை இழுக்கும், தொடை முதுக இழுக்கும், முதுகு மண்டைய இழுக்கும். முதுகு பக்கம் மட்டும் ரெண்டு இன்ச் ஏத்தினேன். பக்கத்து வீட்டு பசங்க என்ன பாத்து ஓடிட்டாங்க, அது தனி கதை.

ஏப்ரல் 27
திருப்பூர் முழு அடைப்பு. தையல் டெஸ்ட் பாஸ்னு போன்ல சொன்னாங்க, கொண்டாட கடை இல்ல.

பாப்பா சொன்ன ஒண்ணு மண்டைலயே ஓடுது. போட்டிருக்கும்போது பயமில்லையாம், கழட்டும்போதுதானாம். ஆறு மணி நேரம் தண்ணி இல்லாம வேர்த்து ஊத்தி நிக்கறப்ப, வெளிப்பக்கத்த தொடாம, மூஞ்சில படாம, உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி சுருட்டி எறக்கணும். நான் மூஞ்சி எலாஸ்டிக்க இறுக்கமா வெச்சதுல ரொம்ப பெருமைப்பட்டுட்டு இருந்தேன். அந்த இறுக்கம்தான் கழட்டறப்ப மூக்க ஒரசுதாம். உச்சில புடிச்சு தூக்க எடமும் இல்ல.

இத்தன நாளும் மாட்டறதுக்குத்தான் தைச்சிருக்கேன்.

ஏப்ரல் 28
எலாஸ்டிக்க தாடைல லூசு, நெத்தில இறுக்கம். உச்சில கையொறையோட புடிக்கற மாதிரி காது கணக்கா ஒரு சின்ன துணி. துணி வேஸ்ட்ல வெட்டி டேப்போடவே சேத்து ஒட்டியாச்சு, ஊசி இல்ல.

மே 4
அக்னி இன்னிக்கு ஆரம்பம். அந்த துணிக்குள்ள பாப்பா.

மே 6
டூட்டி முடிஞ்சு லாட்ஜ்ல தனியா வெச்சிருக்காங்க. கொரோனா டெஸ்டுக்கு ஸ்வாப் எடுத்தாச்சு.

மே 7
டாஸ்மாக் வாசல்ல ஊரே நிக்குது. ரிசல்ட் வரல.

மே 8
ரிசல்ட் வரல. அம்மாவுக்கு யாரோ சொல்லிட்டாங்க.

மே 9
நெகட்டிவ்.

மே 12
டேப் மெஷின் ஓட்டற பீகார் பையன் ஊருக்கு போற ரயிலுக்கு பேர் குடுத்துட்டான். மண்டை வளைவ அவன மாதிரி ஓட்ட இங்க ஆள் இல்ல. இருடான்னு சொல்ல வாய் வரல, அவனுக்கும் அம்மா இருக்கா. போறதுக்கு முன்னால ரெண்டு பேருக்கு கத்து குடுக்கறேன்னான், நாலு பீஸ் சுருங்கிருச்சு.

பாப்பா மெசேஜ். "அண்ணா, கொண்டை சரி. இப்ப காதே கேக்கல. தலைய திருப்புனா சரசரங்குது, டாக்டர் மருந்து பேர ரெண்டு தடவ கத்தறாரு."

காது பக்கம் மட்டும் துணி ஒட்டாம நிக்கணும்னா பேனல