இல்லாத குழாய்க்கு வரைந்த வரைபடம்: உப்புவெளியில் ஒரு குசினிக்கு எரிவாயு அமைப்பு எடுத்த அனுபவம்

"உங்கள் வீதியில் எரிவாயுக் குழாய் எந்தப் பக்கமாகப் போகிறது, ஐயா?" என்று அந்த உத்தியோகத்தர் கேட்டார். அவர் ஏளனமாகக் கேட்கவில்லை. வரைபடத்தின் இடது மூலையில் 'வீதிப் பிரதான குழாயிலிருந்து இணைப்பு' என்று சிவப்புக் கோட்டோடு எழுதப்பட்டிருந்த இடத்தில் பேனை முனையை வைத்துக்கொண்டு, உண்மையிலேயே அறிந்துகொள்ள விரும்புகிற முகத்தோடு கேட்டார். திருகோணமலையை அடுத்த எங்கள் உப்புவெளியில் மட்டுமல்ல, இலங்கையின் எந்த நகரத்திலும் வீதி வழியாகக் குசினிக்கு இயற்கை எரிவாயு கொண்டுவரும் குழாய் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். மன்னார்ப் படுகையில் 2011ஆம் ஆண்டில் இயற்கை எரிவாயு கண்டறியப்பட்டது. அது இன்றுவரை கடலுக்கு அடியிலேயே இருக்கிறது. இது தெரியாதவர், எண்பதாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு எனக்கு அந்த வரைபடத்தை அனுப்பிவைத்த ஆலோசகர் ஒருவர்தான். அதை விரித்துக்கூடப் பார்க்காமல் கையொப்பமிட்டுக் கொடுத்தவன் நான் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

குசினியின் எரிவாயு அமைப்புக்கு அனுமதி தரும் அந்த அலுவலகத்துக்கு அது என் மூன்றாவது பயணம். முதல் முறை போனபோது உத்தியோகத்தர் வெளிக்களக் கடமைக்குப் போயிருந்தார். இரண்டாம் முறை காணி உறுதியின் பிரதி கோவையில் இல்லை. அவற்றைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

எங்களுடையது பதினான்கு அறைகளும் ஒரு சிறு உணவகமும் உள்ள விடுதி. மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில்தான் எங்களுக்கு உழைப்பு. பல ஆண்டுகளாக 12.5 கிலோகிராம் வீட்டுச் சிலிண்டர்கள் நான்கைக் குசினிக்குள்ளேயே வைத்துச் சமைத்து வந்தோம். 2021ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் நாடெங்கும் எரிவாயு வெடிப்புச் செய்திகள் தொடர்ந்து வந்தபோதே சிலிண்டர்களை வெளியே கொண்டுபோய்விட வேண்டும் என்று நினைத்தேன். 2022இல் சிலிண்டரே கிடைக்காமல் விறகில் சமைத்த காலத்தில் அந்த எண்ணம் அடிபட்டுப் போனது. பிறகு காப்புறுதி நிறுவனம் முறையான வடிவமைப்பும் சோதனைச் சான்றிதழும் கேட்ட பின்னர்தான் வேலை தொடங்கியது.

கோவையைத் தூக்கிக்கொண்டு திரும்பிய அன்று மாலை, சீனக்குடாவில் வசிக்கும், நான் அண்ணை என்று கூப்பிடும் குழாய்ப் பொருத்துநர் ஒருவரை அழைத்தேன். கட்டாரில் நீண்ட காலம் ஹோட்டல் குசினிகளில் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். வரைபடத்தை மேசையில் விரித்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஐந்து நிமிடம் எதுவும் பேசாமல் பார்த்தார். "தம்பி, இது நல்ல வரைபடம். ஆனால் இது கட்டார் போல வீதியில் குழாய் உள்ள இடத்துக் கட்டடத்துக்கு" என்றார்.

அவர் விளக்கியதை எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன். இயற்கை எரிவாயு என்பது பெரும்பாலும் மெதேன். அதன் எடை காற்றின் எடையில் ஏறத்தாழ பாதிக்குச் சற்று மேல் என்பதால், கசிந்தால் மேலே போகும். நமது சிலிண்டரில் வருவது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த எல்.பி. எரிவாயு, அதாவது திரவமாக்கிய பெற்றோலிய வாயு. புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு கனமானவை என்பதால், கசிந்தால் தண்ணீரைப் போலத் தரையில் பரவி, கதவிடுக்கால் வழிந்து, வடிகானுக்குள் இறங்கி, அங்கேயே தங்கிவிடும். தீப்பற்றுவதற்கு மெதேன் காற்றில் 5 சதவீதமாவது கலந்திருக்க வேண்டும். நமது எரிவாயுவுக்கு 2 சதவீதமே போதும். என் வரைபடத்திலோ கசிவு உணரிகள் இரண்டும் கூரையிலிருந்து முப்பது சென்ரிமீற்றருக்குள், காற்றுத் துவாரங்கள் எல்லாம் சுவரின் உச்சியில். "தரையில் முழங்கால் அளவுக்குக் காஸ் நின்றாலும் இந்த உணரிக்கு மணக்காது, தம்பி" என்றார் அண்ணை. அந்த உணரிகளை மின் இணைப்பாளர் முந்தைய வாரமே கூரையில் பொருத்தி, பச்சை விளக்கும் எரிய வைத்துவிட்டுப் போயிருந்தார். அந்தப் பச்சை விளக்கை நான் விருந்தினர்களுக்குப் பெருமையாகக் காட்டியும் இருந்தேன்.

இதைவிட மோசமானது மீற்றர் அறை. வீதிக் குழாயிலிருந்து வரும் எரிவாயுவை அளப்பதற்கென்று படிக்கட்டின் கீழே, மூன்று பக்கமும் மூடிய சிறு அறை ஒன்றை வரைபடம் காட்டியது. கொத்தனாரும் அதைக் கட்டி முடித்துவிட்டார். மீற்றர்தான் இல்லையே, சிலிண்டர்களையாவது அதற்குள் அடுக்கலாம் என்று நானே சொல்லியிருந்தேன். அதன் தரை முற்றத்தைவிட இரண்டு படி தாழ்வு. மூலையில் தரை வடிகால் வேறு. கனமான எரிவாயுவைச் சேர்த்து வைப்பதற்கு அதைவிடப் பொருத்தமான பள்ளம் கிடையாது. இப்போது அங்கே வெங்காயமும் அரிசி மூட்டைகளும் இருக்கின்றன.

சிலிண்டர் மேடையைக் கட்டடத்துக்கு வெளியே, வடக்குச் சுவரோரம், கூரை மட்டும் உள்ள கம்பிக்கூட்டில் வைத்தோம். அதற்காக மழைநீர்க் கானை இடம் மாற்ற வேண்டியிருந்தது. மின்பிறப்பாக்கியையும் அங்கிருந்து தூர நகர்த்தினோம். கடலிலிருந்து இருநூறு மீற்றர் தூரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: நாகபூச்சுக் குழாய்தானே என்று விட்டுவிடாதீர்கள். பக்கத்து விடுதியில் போட்ட இரும்புக் குழாயின் புரியிணைப்புகள் இரண்டு பருவத்திலேயே உப்புக் காற்றில் பொரிந்து உதிர்வதை நான் விரலால் தொட்டுப் பார்த்தேன். நாங்கள் செப்புக் குழாய் போட்டு, சுவருக்குள் புதைக்காமல் கண்ணுக்குத் தெரியும்படி கொண்டுபோனோம்.

குழாயின் அளவு விடயத்தில் மட்டும் தவறு எனக்குச் சாதகமாகவே முடிந்தது. எங்கள் அடுப்புகள், கொத்துரொட்டி போடும் கொத்துத் தட்டு, பெரிய சோற்று அடுப்பு எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 90 கிலோவாட். இயற்கை எரிவாயு என்றால் அதற்கு மணிக்கு 9 கன மீற்றர் வேண்டும், எல்.பி. எரிவாயு ஒரு கன மீற்றருக்கு இரண்டரை மடங்குக்கு மேல் வெப்பம் தருவதால் மூன்றரைக்குள் போதும். அதனால் ஒப்பந்தகாரர் விலை கொடுத்திருந்த 50 மில்லிமீற்றர்க் குழாய்க்குப் பதிலாக 28 மில்லிமீற்றர்க் குழாயே பதினெட்டு மீற்றர் தூரத்துக்குத் தாராளமாக இருந்தது. மிச்சப்பட்ட பணத்தில்தான் கானை மாற்றினோம்.

எடையில் கணக்கிட்டால் எல்லாம் ஒன்றாக எரியும்போது மணிக்கு 7 கிலோகிராம் செலவாகும். சிலிண்டரில் இருப்பது திரவம். அது ஆவியாக வேண்டும், ஆவியாகும்போது சிலிண்டர் குளிரும், குளிர்ந்தால் அழுத்தம் விழும். ஒரே சிலிண்டரிலிருந்து அவ்வளவையும் இழுத்தால், திருகோணமலை வெயிலிலும் அதன் வெளிப்புறம் வியர்த்து நனைந்து, அடுப்பு சோர்ந்துவிடும். ஞாயிறு இரவுகளில் எங்கள் கொத்து ஏன் தாமதமாகிறது என்ற பழைய கேள்விக்கு இதுதான் விடை என்பது அன்றுதான் விளங்கியது. இப்போது 37.5 கிலோகிராம் சிலிண்டர்கள் நான்கு பாவனையில், நான்கு காத்திருப்பில்.

அடுத்து அடுப்பு. மத்திய கிழக்கில் புதுப்பித்த ஹோட்டல் ஒன்றிலிருந்து கழித்துவிட்ட ஆறு வாய் அடுப்பை மலிவாக வாங்கியிருந்தேன். பற்றவைத்ததும் தீ மஞ்சளாக ஒரு முழம் எழுந்து, பானையின் அடியெல்லாம் கரி பிடித்தது. சமையற்காரர் காற்றைக் கூட்டிக் குறைக்கும் தட்டைத் திருகித் திருகிப் பார்த்தார். பிழை காற்றில் இல்லை. அடுப்பின் பின்புறத் தகட்டில் 'இயற்கை எரிவாயு, 20 மில்லிபார்' என்று அச்சிட்டிருந்தது. நாங்கள் கொடுப்பது 30 மில்லிபார் அழுத்தத்தில் எல்.பி. எரிவாயு. வாயு மாறினால் ஜெற்றும், அதாவது வாயு வெளிவரும் சிறு துளையுள்ள முனையும், மாற வேண்டும். பெரிய வாயில் 1.40 மில்லிமீற்றர்த் துளை இருந்த இடத்துக்கு 0.95 வேண்டும் என்று அண்ணை கணக்கிட்டார். அந்த ஜெற்றுகளைத் தேடி மத்திய வீதியில் ஏறி இறங்காத கடையில்லை. இறுதியில் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தன. பாவித்த அடுப்பு வாங்குகிறவர்கள், விலை பேசுவதற்கு முன்னர் அதைத் திருப்பிப் பின்தகட்டைப் படியுங்கள். பழைய ஜெற்றின் துளையை ஈயத்தால் அடைத்துத் திரும்பத் துளைத்துத் தருகிறேன் என்று சொல்பவர்களிடம் கொடுக்காதீர்கள். என்னிடமும் ஒருவர் சொன்னார்.

சோதனை நாளை மறக்க முடியாது. பலகையில் வளைத்துக் கட்டிய ஒளிபுகும் குழாயில் சிவப்புச் சர்பத் கலந்த தண்ணீரை ஊற்றி, எரிவாயுக் குழாய் வரிசையில் காற்றை அடைத்து, இரு பக்க மட்டங்களுக்கும் இடையில் 300 மில்லிமீற்றர் வித்தியாசம் வரும்வரை அண்ணை ஏற்றினார். அது ஏறத்தாழ 30 மில்லிபாருக்குச் சமம். நான் பென்சிலால் கோடு போட்டேன். பத்து நிமிடத்தில் தண்ணீர் கோட்டுக்குக் கீழே ஒரு விரல் அகலம் இறங்கிவிட்டது. சவர்க்கார நுரையைத் தூரிகையால் ஒவ்வொரு இணைப்பிலும் பூசிப் போனோம். பத்தொன்பது இணைப்புகளில் ஒன்றும் அசையவில்லை. இருபதாவது, கொத்துத் தட்டின் பின்னால், கைக்கெட்டாத இடத்தில், கடுகளவு குமிழ்கள் மெதுவாக வந்துகொண்டிருந்தன. உதவிக்கு வந்த பையன் அங்கே மட்டும் தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் மெல்லிய வெள்ளை நாடாவைச் சுற்றியிருந்தான். கழற்றி, எரிவாயுவுக்குரிய தடித்த நாடாவைச் சுற்றி மீண்டும் ஏற்றியபோது, சிவப்பு மட்டம் பென்சில் கோட்டிலேயே அரை மணி நேரம் நின்றது. நாங்கள் தேநீர் குடித்து முடித்த பின்னரும் நின்றது.

சான்றிதழ் கிடைத்துவிடும் என்று நினைத்து நான்காம் முறை போனேன். கருமபீடத்தில் இருந்த எழுதுவினைஞர், சோதனை அறிக்கையோடு அழுத்தமானியின் அளவுத்திருத்தச் சான்றிதழையும் கேட்டார். எங்கள் மானி சர்பத் தண்ணீர் என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது? நல்ல காலமாக, சிலிண்டர்ப் பக்கத்து முதற்கட்டக் குழாயை உயர் அழுத்தத்தில் சோதித்தபோது பாவித்த முள்மானிக்குச் சான்றிதழ் இருந்தது. "பிரதி சரிவராது ஐயா, மூலம் வேண்டும்" என்றார் அந்தப் பிள்ளை. மூலம் கொழும்பில். அதற்கும் ஒரு இரவு பஸ், ஐந்தாவது பயணம். ஆகவே சோதனை நாளிலேயே, செய்பவர் முன்னிலையில் மானியின் தொடரிலக்கத்தை அறிக்கையில் எழுதி, மூலச் சான்றிதழைக் கையில் வாங்கிக்கொண்டு அனுப்புங்கள்.

அலுவலகம் கேட்ட திருத்திய வரைபடத்தை அண்ணையின் பென்சில் படத்தைக் கொண்டு உள்ளூர் வரைஞர் ஒருவர் இரண்டு நாளில் வரைந்து தந்தார். பட்டயப் பொறியியலாளர் ஒருவர் நேரில் வந்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இப்போது இருக்கும் உணரிகளைக் குனிந்து பார்த்துவிட்டுக் கையொப்பமிட்டார். சித்திரை வருடப் பிறப்புக்கு மூன்று நாள் முன்னர் அனுமதி கைக்கு வந்தது.

பழைய ஆலோசகரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பணம் வரவில்லை; எல்லாம் முடிந்து இரண்டு வாரங்களுக்குப் பிறகு அவருடைய 'திருத்திய' வரைபடம் வந்தது. தலைப்பில் 'இயற்கை எரிவாயு' என்று இருந்த இடமெல்லாம் 'எல்.பி. எரிவாயு' என்று மாற்றியிருந்தார். உணரிகள் இரண்டும் கூரையிலேயே இருந்தன. வீதியிலிருந்து வரும் சிவப்புக் கோடும் அப்படியே இருந்தது.